நான் மிதித்த சாக்கு

எனக்குக் கோபமே வராது என்று சொல்கிற ஆளை நான் நம்புவதில்லை. ஒன்று, அவன் பொய் சொல்கிறான். இல்லையென்றால் அவனிடம் லோரி இல்லை.

என்னிடம் லோரி இருக்கிறது. எஸ்டேட்டின் லோரிதான். இருபத்தேழு வருஷமாக மலையில் தேயிலைக் கொழுந்து ஏற்றி ஆலைக்கு ஓட்டுகிறேன். இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — வாராவாரம் யாரையாவது ஏசாமல் நான் முடித்ததில்லை. போன வாரம், வளைவில் காரை நிறுத்திவிட்டுத் தேயிலைச் செடிக்குள் புகுந்து படம் எடுக்கிறவர்களை ஏசினேன். அதற்கு முந்தைய வாரம், ஸ்ட்ராபெரி தொப்பி போட்டுக்கொண்டு பிரிஞ்சாங் நடுரோட்டில் நிற்கிறவர்களை.

இந்த வாரம் வேறு ஒரு ஆள். பொறுங்கள், வருகிறான்.

லோரி லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் கையெழுத்துப் போட்ட பாரம், அதாவது உடல் தகுதிப் படிவம், வேண்டும். மூன்று வாரத்துக்கு முன்னால் தானா ராத்தாவில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். புது டாக்டர். சின்னப் பெண். என் மகள் வயதுகூட இருக்காது. கையில் பிரஷர் பட்டையைக் கட்டினார். மெஷின் உறுமியது. 178-க்கு 104.

"அங்கிள், ரொம்ப ஹையா இருக்கு. கையெழுத்துப் போட முடியாது."

"மெஷின் பழசா இருக்கும்மா."

"போன வாரம்தான் வாங்கினோம்."

"அப்ப அதான். புது மெஷின். இன்னும் பழகல."

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"அங்கிள், வேலையில ஏதாவது தப்பாப் போச்சுன்னா என்ன செய்வீங்க?"

"ஏசுவேன்."

"அப்புறம்?"

"சும்மா நின்னான்னா இன்னொரு தடவ ஏசுவேன்."

"வீட்டுக்குப் போயி?"

"வீட்ல அவளுக்கு ஒன்னும் தெரியாதே. மொதல்லேருந்து சொல்லணும்ல."

டாக்டர் எதையோ எழுதிக்கொண்டார். ஒரு நாளைக்கு ஒன்று என்று மாத்திரை கொடுத்தார். வீட்டிலேயே மெஷின் வைத்து, காலையும் சாயங்காலமும் பிரஷர் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். பதினேழு நாள் கழித்து வெள்ளிக்கிழமை வர வேண்டும். மேல் எண் 150-க்குக் கீழே இருந்தால் கையெழுத்து. இல்லையென்றால் இல்லை.

லைசென்ஸ் முடிகிற நாளும் அதே வெள்ளிக்கிழமைதான்.

லைசென்ஸ் இல்லாத டிரைவரை எஸ்டேட்டில் என்ன செய்வார்கள்? ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியிடம் கேட்டேன். யோசிக்கக்கூட இல்லை அந்த மனுஷன். "நர்சரியில ஆள் பத்தல மணியம். கன்னுக்குத் தண்ணி ஊத்தலாம். இப்ப நர்சரிக்கும் மல்லிகாதான் கங்காணி" என்றார்.

மல்லிகா யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். கொழுந்து வெட்டும் ஆட்களுக்குக் கங்காணி. என்னைவிடப் பத்து வயது சிறியவள். வாய் மட்டும் நூறு வயது மூத்தது. இருபது வருஷமாக நான் அவளுக்கு 'மணியண்ணே'. ஒரு தடவைகூட அந்த 'அண்ணே'யில் மரியாதையை நான் கண்டதில்லை. அவளுக்குக் கீழே பூவாளி தூக்குவதா? இருபத்தேழு வருஷம் ஸ்டீரிங் பிடித்த கையா?

அன்று சாயங்காலம் 181.

என் மனைவி செல்வி அதற்குள் ரிங்லெட் மருந்துக்கடையில் மெஷின் வாங்கி வந்திருந்தாள். நோட்டில் கோடு போட்டாள். தேதி, காலை, சாயங்காலம் — மூன்று கட்டம்தான் டாக்டர் கேட்டது. செல்வி நாலாவதாக ஒன்று போட்டாள். 'காரணம்'.

"இது எதுக்கு?"

"எனக்கு."

அந்த முதல் வாரத்து நோட்டிலிருந்து சில வரிகளை அப்படியே கீழே தருகிறேன். எழுத்து செல்வியுடையது.

திங்கள் காலை 156. காரணம்: பக்கத்து வீட்டுச் சேவல்.

செவ்வாய் சாயங்காலம் 152. காரணம்: டயர் பஞ்சர். தானே மாற்றினார்.

புதன் சாயங்காலம் 168. காரணம்: செவ்வாய்க்கிழமை பஞ்சர்.

வியாழன் சாயங்காலம் 174. காரணம்: செவ்வாய்க்கிழமை பஞ்சரைத் தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னார்.

வெள்ளி காலை 171. காரணம்: தம்பி 'சரி விடுண்ணே' என்று சொல்லிவிட்டாராம்.

ஞாயிறு சாயங்காலம் 143. காரணம்: மத்தியானம் தூங்கிவிட்டார்.

படித்ததும் எனக்கு இன்னும் ஏறியது. என்ன நக்கல் இது? பஞ்சரான அன்று 152, பஞ்சரைப் பற்றிப் பேசிய அன்று 174 என்றால் தப்பு யாருடையது? டயருடையது இல்லையா?

"டயர் ஒரு தடவதான் வெடிச்சிச்சு. நீங்க நாலு நாளா வெடிக்கிறீங்க" என்றாள் செல்வி.

தம்பி வேறு தினமும் காலையில் போனில் படம் அனுப்புகிறான். சூரியன் உதிக்கும். பக்கத்தில் ஒரு பூ. தோல்வியைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள், நல்லதையே நினை, எல்லாம் சரியாகும் — இப்படி ஏதாவது இருக்கும். எனக்கு இந்த மாதிரிப் பேச்சு ஆகாது. செங்குத்தான ஏற்றத்தில் லோட் லோரி பின்னால் வழுக்கும்போது எவன் நல்லதை நினைப்பான்? பிரேக்கைத்தான் நினைப்பான். சிரிப்பு டயருக்கு அடியில் கட்டை வைக்காது. இதில் என் கருத்து இன்றுவரை மாறவில்லை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமைதான் மண் சரிந்தது.

கொழுந்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். செடியிலிருந்து வெட்டிய பிறகும் கொழுந்து சாவதில்லை. மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். சாக்கில் தளர்வாகப் போட்டால் காற்று போய் வரும், ஒன்றும் ஆகாது. அமுக்கிப் போட்டால் உள்ளுக்குள்ளேயே சூடேறும். நெருப்பு வேண்டாம், வெயில் வேண்டாம். தன் சூட்டில் தானே வெந்து சிவந்துவிடும். சிவந்த கொழுந்தில் டீ வராது. வந்தாலும் குடிக்க முடியாது. அதனால் எஸ்டேட்டில் சட்டம் ஒன்றுதான் — சாக்கை அமுக்காதே, சீக்கிரம் கொண்டு போ.

அன்று காலை மழை. கொழுந்து ஈரம். மத்தியானத்துக்கு மேல் கொழுந்து அதிகமாகி, சாக்கு மிஞ்சிவிட்டது. இரண்டு நடை போக வேண்டும். எனக்கு ஒரே நடையில் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பிரஷர் பார்க்க வேண்டும். என்ன செய்தேன்? லோரி மேல் ஏறினேன். சாக்குகளைக் காலால் மிதித்து மிதித்து இறக்கி, இருந்த எல்லாவற்றையும் ஒரே லோட்டில் அடைத்துவிட்டேன். மல்லிகா கீழே நின்று பார்த்தாள்.

"அண்ணே, கொழுந்தா, முட்டகோஸா? இந்த மிதி மிதிக்கிறீங்க."

"பத்து நிமிஷத்துல ஆலைக்குப் போயிருவேன் லா. பத்து நிமிஷத்துல என்னா வெந்துருமா?"

மல்லிகாவும் அவளுடைய ஆட்கள் நாலு பேரும் லோரியில் ஏறிக்கொண்டார்கள். இரண்டாவது வளைவு திரும்பினேன். ரோடு இல்லை. மேலேயிருந்து ஒரு வீட்டளவு மண்ணும் ஒரு மரமும் இறங்கி ரோட்டின் நடுவில் உட்கார்ந்திருந்தன. பின்னால் போகவும் வழி கிடையாது. அந்த ரோடு மலையோடு முடிகிற ரோடு.

நான் இறங்கினேன். மண்ணைப் பார்த்தேன். ஏச ஆரம்பித்தேன். மலையை ஏசினேன், மழையை ஏசினேன், போன வருஷம் மழைத்தண்ணீர் ஓடக் காண் வெட்டிய குத்தகைக்காரனை ஏசினேன். ஆபீசுக்குப் போன் போட்டுக் கிராணியை ஏசினேன். மண் தள்ளும் மெஷின் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார். அந்த மெஷினையும் ஏசினேன். கடைசியில் முன் டயரை ஓங்கி ஓர் உதை விட்டேன். நான் போட்டிருந்தது செருப்பு. டயருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தபோது பார்த்தால், லோரிக்குப் பின்னால் வேலை நடந்துகொண்டிருக்கிறது. மல்லிகா லோரியின் தார்ப்பாயை உருவி ரோட்டில் விரித்துவிட்டாள். ஆட்கள் சாக்கைப் பிரித்துக் கொழுந்தைக் கொட்டி, கையால் உதறி, பரப்புகிறார்கள். அவர்களில் ஒருத்தி ஏதோ சொல்ல மற்றவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ரோடே போச்சு, உங்களுக்கு என்னா சிரிப்பு?"

"அழுதா ரோடு வந்துருமாண்ணே? ஏசுனா மண்ணு எழுந்து போயிருமா? நீங்க ஏசுங்க, அது ஒங்க டிபார்ட்மெண்டு. ஆனா ஏசிக்கிட்டே அந்த மேல் சாக்க எறக்கிக் குடுங்க."

இறக்கினேன். எனக்கு அப்போதும் வாய் நிற்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். சாக்கைத் தூக்கிக்கொண்டு ஏசுவது கஷ்டம். மூச்சு பத்தாது. நாலு சாக்கு இறக்குவதற்குள் குத்தகைக்காரனின் பெயர் மறந்துவிட்டது. எட்டாவது சாக்கில் நானும் முட்டி போட்டு உட்கார்ந்து கொழுந்தை உதறிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக அடியில் இருந்த சாக்கு. நான் நன்றாக மிதித்தது. பிரித்துக் கையை உள்ளே விட்டேன். இட்லிப் பானைக்குள் விட்ட மாதிரி இருந்தது. வெளியே எடுத்தேன் — சிவப்பு. மலையே மேகத்தில் குளிர்ந்து கிடக்கிறது, அந்தச் சாக்கு மட்டும் வெந்துகொண்டிருக்கிறது. மல்லிகாவும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்தது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

மூன்று சாக்கு போனது. மற்றது எல்லாம் பிழைத்துக்கொண்டது. மெஷின் வந்து வழி விட்டு நாங்கள் ஆலைக்குப் போய்ச் சேரும்போது மணி ஆறரை.

வீட்டில் செல்வி பட்டையைக் கட்டினாள். இன்றைக்கு இருநூறு என்றுதான் நினைத்தேன். 149. செல்வி மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி கட்டினாள். 147.

காரணம்: மண் சரிவு. சாக்குத் தூக்கினார். பேசச் சக்தி இல்லை.

மறுநாள் சக்தி வந்துவிட்டது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் சொன்னேன். ஆலையில் சொன்னேன். தம்பிக்குப் போனில் சொன்னேன். காண் வெட்டத் தெரியாத குத்தகைக்காரனால், போனை எடுக்க நேரமாக்கிய கிராணியால், ஆடி அசைந்து வந்த மெஷின்காரனால் மூன்று சாக்குக் கொழுந்து போச்சு. இதுதான் கதை. சொல்லச் சொல்லச் சுவை கூடியது. ஆலையில் நிறுவைக்காரரிடம் ஐந்தாவது தடவை சொல்லிக்கொண்டிருந்தபோது மல்லிகா பின்னால் வந்து நின்றாள்.

"மணியண்ணே, கதையில ஒரு ஆளு கொறையுதே."

"எந்த ஆளு?"

"சாக்கு மேல ஏறி மிதிச்ச ஆளு."

நிறுவைக்காரர் சிரித்தார். அன்று சாயங்காலம் 173. வெள்ளிக்கிழமைக்கு இரண்டே நாள்.

சரி என்று ஒரு முடிவுக்கு வந்தேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயைத் திறப்பதில்லை. மாத்திரை போடு, லோரி ஓட்டு, வாயை மூடு. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது என்ன சாதனை என்று புரியும். வியாழக்கிழமை, பிரிஞ்சாங் போகிற ரோட்டில் ஒரு சுற்றுலா பஸ் என்னை இருபது நிமிஷம் மறித்தது. நான் கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசாததால் செல்வி பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை. கிளினிக். 146-க்கு 90. டாக்டர் நோட்டைப் புரட்டினார். நாலாவது கட்டத்தை ரொம்ப நேரம் படித்தார். "ஆன்ட்டி நல்லா எழுதுறாங்க" என்றார். கையெழுத்துப் போட்டார். சீல் குத்தினார்.

நேராக லைசென்ஸ் புதுப்பிக்கும் கவுன்டருக்குப் போயிருக்க வேண்டும். போனேனா? பக்கத்தில் இருக்கும் காசிம் பாய் டீக்கடைக்குப் போனேன். ஆற்றின பால் டீ, அதான் தே தாரிக், ஒன்று குடித்துவிட்டுப் போகலாம் என்று. பாரத்தை மேசை மேல் கண்ணுக்கு எதிரே வைத்தேன் — அழகு பார்க்கத்தான். காசிம் பாய் கிளாஸை வைத்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டார்:

"என்னங்க மணியம், ஒங்க பக்கம் மண்ணு எறங்கிருச்சாமே?"

இரண்டு நாள் அடைத்து வைத்த வாய். திறந்துகொண்டது. குத்தகைக்காரன், கிராணி, மெஷின்காரன் — எல்லோரும் வரிசையாக வந்தார்கள். மண் எவ்வளவு உயரம் விழுந்தது என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். வலது கை கிளாஸில் பட்டது.

தே தாரிக் முழுவதும் பாரத்தின் மேல். டாக்டரின் கையெழுத்து நீலமாகக் கரைந்து, சீலைச் சுற்றிக்கொண்டு, மேசை விளிம்பில் சொட்டியது.

காசிம் பாய் துணியோடு ஓடி வந்தார். பார்த்தார். நின்றார்.

"தொடைக்கவா, வேணாமா?" என்று கேட்டார்.

எனக்கு உச்சந்தலை வரை சூடு. யாரை ஏசுவது? கிளாஸை விளிம்பில் வைத்த காசிம் பாயையா? மண்ணைப் பற்றிக் கேட்டதற்கா? வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் மல்லிகாவின் குரல் கேட்டது. அவள் அங்கே இல்லை. ஆனாலும் கேட்டது. 'கதையில ஒரு ஆளு கொறையுதே.'

கவுன்டர் நாலு மணிக்கு மூடிவிடும். மணி பன்னிரண்டு. நனைந்த பாரத்தை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கே நடந்தேன். டாக்டர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். டீ வாசனை அறை முழுவதும்.

"புது பாரம் தரேன் அங்கிள். ஆனா புதுசா எழுதணும்னா புதுசாப் பாக்கணும். கையக் குடுங்க."

முடிந்தது என்று நினைத்தேன். நர்சரியும் பூவாளியும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. மல்லிகா பக்கத்தில் நின்று, 'அண்ணே, வேருக்கு ஊத்துங்க, எலைக்கு இல்ல' என்கிறாள். பட்டை இறுக ஆரம்பித்தது. டாக்டர் நிறுத்தினார்.

"அஞ்சு நிமிஷம் உக்காருங்க. அப்புறம் பாக்கலாம். இது எப்படி ஆச்சு?"

எப்படி ஆச்சு? சொல்ல வாயைத் திறந்தேன். கடையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதற்கு மண்சரிவைச் சொல்ல வேண்டும், அதற்குக் குத்தகைக்காரனை... அலுப்பாக இருந்தது. நிஜமாகவே அலுத்துவிட்டது. ஐந்து பேரிடம் மிதித்து மிதித்து அடைத்த கதை. உள்ளே கை விட்டால் சுடுகிறது.

"என் தப்புதான்" என்றேன். "கைய ஆட்டிப் பேசுனேன், தட்டிருச்சு. அந்தக் கொழுந்தும் நான்தான் மிதிச்சேன்."

"எந்தக் கொழுந்து?"

"அது வேற. அதுவும் நான்தான்."

அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை என்பதுதான் ஆச்சரியம். அரை மணி நேரக் கதை இரண்டு வரியில் முடிந்துபோனது. என் பக்கம் தப்பு என்று ஆனதும் ஏசுவதற்கு ஆள் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். வெளியே ஏதோ பஸ் ஹார்ன் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐந்து நிமிஷம் கழித்துப் பட்டை இறுகியது. 144.

டாக்டர் புது பாரத்தில் கையெழுத்துப் போட்டு, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையின் வாயைத் தானே ஒட்டிக் கொடுத்தார். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று மூன்று தடவை சொன்னார். உங்களுக்கும் சொல்கிறேன். வாயை மூடினால் பிரஷர் போய்விடும் என்று இந்தப் பத்தியைக் காட்டி மாத்திரையைக் குப்பையில் போடுகிறவன் இருந்தால், அவன் மடையன். நான் சொல்வது இவ்வளவுதான்: டயர் வெடிக்கும், மண் சரியும், டீ கொட்டும். ஒரு தடவை ஏசுங்கள், மனுஷன்தானே. அதையே மறுபடி மறுபடி உள்ளே போட்டு மிதிக்காதீர்கள். அப்படி மிதிக்கும்போது எந்த ஆளைக் கதையிலிருந்து எடுத்துவிட்டீர்கள் என்று ஒரு தடவை பாருங்கள்.

கவுன்டரில் நீளமான வரிசை. மூன்றே முக்காலுக்குத்தான் பாரத்தைக் கொடுத்தேன். லைசென்ஸ் கைக்கு வந்தது. திங்கட்கிழமை லோரி எடுத்தேன். மல்லிகா கீழே நின்றுகொண்டு, "நர்சரியில பூவாளி காத்துக்கிட்டு இருந்துச்சுண்ணே" என்றாள். அவளை ஏசினேன். ஒரு தடவைதான்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனதும் செல்விக்கு நடந்ததைச் சொன்னேன். டாக்டரிடம் என்ன சொன்னேன் என்பதையும் சேர்த்து. அவள் உடனே நோட்டை எடுத்தாள். 144. காரணம்: 'என் தப்புதான்' என்று சொன்னார்.

எழுதிவிட்டு அடியில் இரண்டு கோடு போட்டாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம், எழுத்தில் ஒரு சாட்சி வேண்டாமா என்று நோட்டைக் கொண்டுபோய்ப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.